மேற்குக் கதவின் ஆறு பூட்டுகள்

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஒதிலியா திஹெரினா தன் சொந்த நிலத்துக்குள் போக முடியாமல் மேற்குக் கதவின் முன்னால் நின்றாள். கையில் சாவி இருந்தது. போட்டால் பூட்டும் ஒழுங்காகத் திறந்தது. கதவுதான் திறக்கவில்லை.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு கதவுக்கு ஒரு பூட்டு என்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. உள்ளே போய்வர வேண்டியவர்கள் பல பேர். நிலத்துக்காரிக்கு மாடு பார்க்கணும், மின்கம்பெனிக்காரனுக்குக் கம்பி பார்க்கணும், மான் சுடக் குத்தகை எடுத்த பட்டணத்துக்காரனுக்கு மான் பார்க்கணும், மத்திய அரசின் எல்லைப்படைக்கு ஆற்றைப் பார்க்கணும். ஆளுக்கொரு சாவி வெட்டிக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா? அதனால் அவரவர் பூட்டை அவரவரே கொண்டுவந்து, சங்கிலியின் இரண்டு நுனிகளுக்கும் நடுவே பூட்டோடு பூட்டாகக் கோத்துவிடுவார்கள். வரிசையில் எந்தப் பூட்டைத் திறந்தாலும் அந்த இடத்தில் சங்கிலி விட்டுப்போகும், கதவு திறக்கும். புதிதாக வருகிறவன் இரண்டு பூட்டுக்கு நடுவே தன்னுடையதைக் கோக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அடுத்தவர் பூட்டைத் தொடக்கூடாது, அது யாருடையது என்று துருவக்கூடாது, திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் சாத்தியிருந்த கதவைச் சாத்தியபடியும் விட்டுப் போகவேண்டும். இதெல்லாம் அங்கே பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும்.

மாநிலப் போலீஸ்காரருக்குத் தெரியவில்லை.

மாநில அரசு கடத்தல் கும்பல்களை ஒழிக்க எல்லைக்கு ஆள் அனுப்பத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. வடகோடியிலிருந்து, ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டி வருவார்கள். இரண்டு வாரம் இருப்பார்கள். மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு ஆற்றை முறைப்பார்கள். பாதை பழகுவதற்குள் போய்விடுவார்கள், அடுத்த களிம்பு மூக்கு வரும். அப்படி வந்த யாரோ ஒருவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒதிலியாவின் கதவில் ஒரு புதுப் பூட்டு போட்டுவிட்டுப் போயிருந்தார். உள்ளங்கை அகலம், கறுப்பு, நல்ல கனம். அதை வரிசையில் கோக்காமல், சங்கிலியின் இடது நுனியை இழுத்து வலது ஓரத்தில் இருந்த கடைசிப் பூட்டோடு நேராகச் சேர்த்துப் பூட்டியிருந்தார். நடுவில் இருந்த நான்கு பூட்டுகளும், ஒதிலியாவுடையதும் சேர்த்து, மாட்டுக் கழுத்து மணி மாதிரி சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான்.

பூட்டுக்கு மேலே ஒரு தகரப் பலகை. இது மாநிலப் பாதுகாப்பு இயக்கத்தின் உடைமை, இதைச் சேதப்படுத்துவது குற்றம் என்று இரண்டு மொழியில் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கொழுந்தன் எலிசேயோ விழுந்து விழுந்து சிரித்தார். எழுபது வயது, இரண்டு கண்ணிலும் புரை, ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அண்ணன் போன பிறகு அண்ணி வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொண்டு, வேலை எதுவும் செய்ய முடியாத குறையை வாயால் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே அண்ணி வரவேற்பு குடுத்தீங்க. பள்ளிக்கூட ஹால்ல மைக்கைப் பிடிச்சு, ‘வரட்டும்’னு சொன்னீங்களே. வந்துட்டாங்க. உங்களைத்தான் வெளிய போடுறாங்க."

அது உண்மைதான், அதனால்தான் எரிந்தது. போன வருஷத் தொடக்கத்தில் மூன்றே மாதத்தில் ஏழு தடவை அவள் வேலியை அறுத்திருந்தார்கள், அந்த ஆட்கள். அங்கே யாரும் கும்பலின் பெயரைச் சொல்வதில்லை, அந்த ஆட்கள் என்றால் போதும். வண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு வேலியை அறுத்து வெளியேறிவிடுவார்கள். அறுத்த இடத்தில் மாடு நெடுஞ்சாலைக்குப் போய்விடும். அவளுடைய நல்ல காளை ஒன்று லாரியில் அடிபட்டுச் செத்தது. அந்த ஆத்திரத்தில்தான், நிலத்துக்குள் மாநிலப் போலீசை விடும் ஒப்பந்தத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு வேலி அறுபடுவது நின்றும் போனது. எரிபொருள் நிலையத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, அரசாங்கம்னா இப்படி இருக்கணும் என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒப்பந்தத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டாள். சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தைத் தெரிவிக்க ஒன்றை அழுத்தவும், நில உரிமையாளர் சேத விண்ணப்பத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றது. என் கதவைப் பூட்டிவிட்டீர்கள் என்பதற்கு எண் இல்லை. இரண்டை அழுத்தினாள். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டாள். கடைசியில் ஒரு பெண் வந்து, கதவு சேதமாகியிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நன்றாகப் பூட்டியிருக்கிறது என்றாள் ஒதிலியா. அப்படியானால் சேதம் இல்லையே மேடம் என்றாள் அந்தப் பெண், மிகவும் இனிமையாக.

உள்ளே முப்பத்தெட்டு பசு, இருபத்தொரு கன்று. வெயில் நூற்றியெட்டு டிகிரி. தொட்டிக்குச் சூரிய மின்சாரத்தில் ஓடும் கிணற்றுப் பம்பு தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் புதன்கிழமையைத் தள்ளினாள்.

வியாழக்கிழமை தைரியம் போய்விட்டது. கதவின் மேல் ஏறி உள்ளே குதித்தாள். குதித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அறுபத்தொரு வயதில், ஏற்கெனவே அறுவை செய்த வலது முழங்காலோடு, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கி, மண்ணில் உட்கார்ந்து, கிறிஸ்தவ வாயால் சொல்லக்கூடாத நாலு வார்த்தை சொன்னாள். வேலிப் பக்கமாக நுழையலாம் என்றால் அங்கே நீளத்துக்கும் மாநிலம் பிளேடுக் கம்பிச் சுருளை மூன்றடுக்காக விரித்து வைத்திருந்தது. ஒரு கேனில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி இரண்டு மைல் நடந்தாள்.

தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது, அதுவும் பாசி. கிணறு இருக்கிறது, பம்பு ஓடுகிறது. ஆனால் காலடித் தடம் பார்ப்பதற்காக மாநிலம் பாதையைப் புல்டோசர் விட்டுச் சமன் செய்திருந்தது, அந்தப் புல்டோசர் தண்ணீர்க் குழாயின் மேலேயே போயிருந்தது. குழாய் கையகலத்துக்குப் பிளந்து, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அங்கேயே மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. மாடுகள் அந்த ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. வாயைச் சுற்றிச் சேறு. அவளைப் பார்த்ததும் ஓடி வந்து மொய்த்துக்கொண்டன. கேனில் இருந்ததை நான்கு கன்றுகளுக்கு ஊற்றினாள். ஐந்தாவது கன்று காலிக் கேனை நக்கிக்கொண்டே கூட வந்தது.

முன்பெல்லாம் என்றால் கவலையில்லை, ஆறு இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஐம்பதடி தூரத்தில், கலங்கலாக, நிறைய. ஆனால் அக்கரை மெக்சிகோவிலிருந்து யாரும் ஏறி வரக்கூடாது என்று கரை முழுக்க அதே பிளேடுக் கம்பி. மனிதர்கள் அதன்மேல் கம்பளத்தைப் போட்டுத் தாண்டி வந்துவிடுகிறார்கள். மாட்டுக்குக் கம்பளம் போடத் தெரியாது.

பம்பு வரைக்கும் நடந்து அதை நிறுத்தலாமா என்று யோசித்தாள். நிறுத்தினால் அந்த ஈர மண்ணும் இல்லாமல் போகும். குழாயைச் சரிசெய்ய இணைப்புத் துண்டும் வாளும் மண்வெட்டியும் வேண்டும், பிளந்த இடத்தில் புல்டோசர் ஏற்றிவைத்த மண்ணை அள்ளவேண்டும், அதற்கு வண்டியும் இன்னொரு ஆளும் வேண்டும். இல்லையென்றால் ஐந்நூறு காலன் தண்ணீர் டாங்கியை இழுத்து வரவேண்டும். எதற்கும் கதவு திறக்கவேண்டும்.

அன்று மத்தியானமே அலைந்தாள். மாவட்ட ஷெரீப், அது மாநிலத்தின் பூட்டு, நான் கை வைக்க முடியாது என்றார். மத்திய எல்லைப்படைக்காரர், எங்கள் பூட்டும்தான் சும்மா தொங்குகிறது, நாங்கள் கடிதம் எழுதியிருக்கிறோம், போன தடவை நாங்கள் ஒரு சங்கிலியை வெட்டப்போய் இரண்டு அரசும் கோர்ட்டில் நிற்கின்றன என்று கையை விரித்தார். கடைசியில் மாநிலப் போலீசின் முகாமில் ஒருவரைப் பிடித்தாள். பெயர் ஆம்ஸ்லர், நாற்பது வயது, களிம்பு மூக்கு, தங்கமான மனிதர். செவ்வாய்க்கிழமைதான் வந்தாராம். பூட்டைப் போட்டவர் அன்றைக்கே முறை முடிந்து ஊருக்குப் போய்விட்டார், சாவி அவர் கால்சட்டைப் பையிலேயே போய்விட்டது. ஆம்ஸ்லர் ஒரு பெரிய வளையத்தில் அறுபது சாவிகளோடு கதவுக்கே வந்து, வெயிலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதுவும் சேரவில்லை.

"கூரியர்ல அனுப்பச் சொல்லிட்டேன் மேடம். நாளைக்கு வந்துடும்."

"இந்தப் பூட்டை வெட்டிடலாமே தம்பி."

"மேலிடத்துல அனுமதி கேக்கணும் மேடம். அதுக்கு மூணு நாள் ஆகும். சாவி நாளைக்கே வந்துடும்."

வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை கட்டாயம் என்றார். ஒதிலியா தானே வெட்டியிருப்பாள், பயமெல்லாம் இல்லை. ஆனால் பக்கத்துப் பண்ணை ஃபுல்ஹென்சியோ போன மாதம் தன் ஆட்டை எடுக்க மாநிலக் கம்பியை வெட்டினான். நான்கு நாள் கூடாரச் சிறையில் வைத்தார்கள், வண்டியைப் பறிமுதல் செய்தார்கள், வண்டி இன்னும் வரவில்லை. அவளும் வண்டியும் உள்ளே போய்விட்டால் தண்ணீர் இழுப்பது யார்? கண் தெரியாத எலிசேயோவா?

"நான் ஓட்டுறேன் அண்ணி, ஒரு கண்ணு லேசாத் தெரியுது" என்றார் அவர். சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவரும் கிண்டலை நிறுத்தியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் மறுபடி கதவேறி, மறுபடி கேனோடு நடந்தாள். மாடுகள் சப்பாத்திக்கள்ளியை முள்ளோடு தின்னத் தொடங்கியிருந்தன, உதடெல்லாம் ரத்தம். இரண்டு கன்றுகள் செத்துக் கிடந்தன. ஒன்று அந்தக் கேனை நக்கிய கன்று. ஒதிலியா அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஆற்றின் மேல், மாநிலத்தின் ஹெலிகாப்டர் ஒன்று மேலும் கீழும் பறந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. ஐம்பது கோடி டாலர் செலவில் இந்த எல்லையைக் காக்கிறோம் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். ஒரு சாவிக்கு வழியில்லை.

திரும்பி வரும்போதுதான் தரையைப் பார்த்தாள். போலீசார் தினம் சாயங்காலம் டயர்களைக் கட்டி இழுத்து, கதவுக்கு வெளியே உள்ள பாதையின் புழுதியைத் துடைத்து வைப்பது வழக்கம், காலையில் தடம் தெரியவேண்டும் என்று. துடைத்த புழுதியில் அகலமான டயர்த் தடம், கதவு வழியாக உள்ளே போய், வெளியே வந்திருந்தது. மாநில வண்டியின் டயர் இல்லை. வேலி எங்கும் அறுபடவில்லை. கதவு ஒழுங்காகச் சாத்திப் பூட்டியிருந்தது.

ஒதிலியா கதவின் முன்னால் மண்டியிட்டுப் பூட்டுகளைப் பார்த்தாள். மாநிலப் பூட்டின் மேல் இரண்டு நாள் புழுதி. தன்னுடையது, மான் குத்தகைக்காரனுடையது, மின்கம்பெனியுடையது, எல்லைப்படையுடையது, எல்லாவற்றிலும் புழுதி. வலது ஓரத்துக் கடைசிப் பூட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. பித்தளை. எண்ணெய் போட்டிருந்தது. மாநிலக்காரர் எந்தப் பூட்டோடு தன்னுடையதைச் சேர்த்தாரோ, அதே பூட்டு. அப்படியென்றால் இந்தக் கதவை இப்போது இரண்டு சாவிகள்தான் திறக்கும். ஒன்று ஒன்பது மணி நேரத் தூரத்தில் யாரோ ஒருவர் கால்சட்டையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வரிசையாகப் போன் செய்தாள். மான் குத்தகைக்காரன், அது மின்கம்பெனிப் பூட்டு என்று நினைத்திருந்தானாம். மின்கம்பெனிக்காரர், அது எல்லைப்படையுடையது என்று நினைத்திருந்தார். எல்லைப்படைக்காரர் நிலம் அளக்க வந்தவர்களுடையது என்று நினைத்திருந்தார். அவள் மட்டும் என்ன, மின்கம்பெனி இரண்டாவதாக ஒன்று போட்டிருக்கிறது என்றுதானே நினைத்தாள். ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை, கேட்பது வழக்கமில்லை. பூட்டு எப்போது வந்தது என்று யோசித்தாள். போன வருஷம் ஏப்ரல் வாக்கில். வேலி அறுபடுவது எப்போது நின்றது? போன வருஷம் ஏப்ரலில்.

அரசாங்கம்னா இப்படி இருக்கணும் என்று காப்பிக் கடையில் பேசியதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. அந்த ஆட்கள் வேலியை அறுப்பதை விட்டுவிட்டு, ஊர் வழக்கப்படி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், வரிசையில் தங்கள் பூட்டை ஒழுங்காகக் கோத்திருந்தார்கள். பதினாறு மாதம் அவள் கதவில் பங்காளியாக இருந்திருக்கிறார்கள்.

அரசின் எண்ணைக் கூப்பிட்டு இந்தத் தடவை ஒன்றை அழுத்தினாள். கடத்தல்காரர்களிடம் என் கதவுக்குச் சாவி இருக்கிறது, உங்கள் பூட்டு அதற்குத் துணை நிற்கிறது என்றாள். வண்டியைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை, தடத்தைப் பார்த்தேன். நிறம் என்ன? தடத்துக்கு நிறம் ஏது. எத்தனை பேர்? தெரியாது. அப்படியானால் இதை நடமாட்டமாகப் பதிவு செய்ய முடியாது மேடம், பூட்டு சம்பந்தப்பட்டது என்பதால் இரண்டை அழுத்துங்கள், அந்தப் பிரிவு திங்கட்கிழமை திறக்கும். இன்னொன்று, தடத்தைப் பார்த்தேன் என்கிறீர்களே, பாதுகாப்பு இயக்கப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் போனீர்களா?

ஒதிலியா போனை வைத்தாள். ஆம்ஸ்லரைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அடுக்களையில் ஒரு முட்டை அட்டைப்பெட்டியைக் கிழித்து, தடித்த பேனாவால், ஸ்பானிஷ் மொழியில் எழுதத் தொடங்கினாள். எலிசேயோ மேசையைத் தடவிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன எழுதுறீங்க?"

"என் மாடு தாகத்துல சாகுது, குழாய் உடைஞ்சு கிடக்கு, கதவைத் திறந்து வைங்கன்னு."

"யாருக்கு?"

"சாவி வெச்சிருக்கிறவருக்கு."

 எலிசேயோவுக்குக் கண்தான் தெரியாது, மற்றதெல்லாம் நன்றாகத் தெரியும்.

"சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு அண்ணி."

"யாராவது ஒருத்தருக்கு மனசு இருக்கானு பாக்குறேன். இல்லேன்னா காலையில நானே வெட்டுறேன். நீங்க கட்டர் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"வேணாம் அண்ணி."

"எது வேணாம்? வெட்டுறதா, எழுதுறதா?"

 கட்டர் கொட்டகையில் உளிப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஒதிலியா அட்டையில் பெயர் போடவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதைக் கம்பியால் கதவில் கட்டிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டாங்கியில் ஐந்நூறு காலன் நிரப்பி, கட்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஆம்ஸ்லர் சிறைக்கு அனுப்பினால் அனுப்பட்டும் என்று தீர்மானமாகத்தான் போனாள். கட்டருக்கு வேலை இல்லை. கதவு விரியத் திறந்திருந்தது. பித்தளைப் பூட்டு வாயைத் திறந்தபடி சங்கிலி நுனியில் தொங்கியது. சங்கிலியின் மறு நுனியில் மாநிலப் பூட்டு, மற்ற நான்கோடும் சேர்ந்து, பூட்டியது பூட்டியபடி இருந்தது. அட்டையைக் காணோம்.

இரண்டு மைலையும் டாங்கி தளும்பத் தளும்ப ஓட்டினாள். தொட்டி நிறைந்திருந்தது. மாடுகள் சுற்றி நின்று நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தன. குடித்து முடித்தவை நிழலில் படுத்திருந்தன. குழாயில் பிளந்த இடத்தை அறுத்தெடுத்து, புது இணைப்புத் துண்டு போட்டு, மேலே மண்ணைத் தள்ளி, யாரும் மிதிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் கல் நட்டிருந்தார்கள். நல்ல வேலை. காசு கொடுத்து ஆள் வைத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான். செத்த கன்றுகள் இரண்டையும் இழுத்துப்போய்க் குழிதோண்டிப் புதைத்திருந்தார்கள்.  ஒதிலியாவுக்கு நன்றி என்று வாயில் வந்துவிட்டது, வந்த பிறகுதான் யாருக்குச் சொல்கிறோம் என்று உறைத்தது.

தொட்டியின் விளிம்பில் அவள் அட்டை, மேலே கல் வைத்து. பின்பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஸ்பானிஷில் எழுதியிருந்தது.

"தோன்யா ஒதிலியா அம்மா, குழாய் சரியாயிடுச்சு. கன்னுக்குட்டி ரெண்டும் நாங்க வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு, மன்னிக்கணும். அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு இனிமே கதவு ஏறாதீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவள் இரண்டு தடவை படித்தாள். சுற்றிலும் பார்த்தாள். முள்மரம், கம்பி, ஆறு, அக்கரை. அக்கரையில் ஒரு நாய்கூட இல்லை. அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். 

கதவுக்குத் திரும்பியபோது ஆம்ஸ்லர் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் கூரியர் உறை, உறைக்குள் சாவி.

"வந்துடுச்சு மேடம். ராத்திரி பத்து மணிக்கு முகாமுக்கு வந்தது, காலையில முதல் வேலையா எடுத்துட்டு வந்தேன். மாடு எல்லாம் எப்படி இருக்கு?"

"தண்ணி குடிக்குது."

"குழாய் உடைஞ்சதுன்னு சொன்னீங்களே."

"சரி பண்ணியாச்சு."

"நீங்களேவா?" என்றார், நிஜமான மரியாதையோடு. அப்புறம்தான் அவர் பார்வை சங்கிலிக்குப் போனது. திறந்த பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் போலீஸ்காரர். "இது யாரோடது மேடம்? எங்க பூட்டு பூட்டினபடியே இருக்கு. இது வழியாத்தான் திறந்திருக்கீங்க."

ஒதிலியா அவரைப் பார்த்தாள். இவரிடம் சொல்லலாம். அட்டையை எடுத்துக் கொடுக்கலாம். உடனே நாலு வண்டி வரும், ஹெலிகாப்டர் வரும், பித்தளைப் பூட்டை ஒரு பையில் போட்டு எடுத்துப் போவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். இன்னும் ஒன்பது நாளில் ஆம்ஸ்லரின் முறை முடியும். பிள்ளைகுட்டியைப் பார்க்க ஊருக்குப் போய்விடுவார். அடுத்த களிம்பு மூக்குக்கு அவள் பெயரே தெரியாது. அவள் பெயர் தெரிந்தவர்கள், முழங்கால் தெரிந்தவர்கள், கண் தெரியாத கொழுந்தனோடு அவள் எந்த வீட்டில் தூங்குகிறாள் என்று தெரிந்தவர்கள் எங்கேயும் போகப்போவதில்லை. ஒன்றை அழுத்தவும் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், நேரில் வருவார்கள். இப்படி ஒரு நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டீர்களே, பாவிகளா என்று அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"இதுவும் என்னுதுதான்" என்றாள்.

"உங்களுதா? அப்ப இத்தனை நாள் ஏன்..."

"சாவியை எங்கயோ வெச்சுட்டேன். நேத்துதான் கிடைச்சுது."

ஆம்ஸ்லர் தலையை ஆட்டினார். சாவியைத் தொலைப்பவர்களை அவருக்கு நன்றாகப் புரியும். எங்கள் ஆள் போட்டது தப்பு, எப்படிப் போடுவதென்று காட்டுங்கள், இனி வருகிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன் என்றார். ஒதிலியா சொல்லிக்கொடுத்தாள். முதலில் சங்கிலி நுனி, அதில் என் பழைய பூட்டு, அதன் வளையத்தில் மான்காரனுடையது, அடுத்து மின்கம்பெனி, அடுத்து எல்லைப்படை, அதற்கடுத்து உங்களுடையது. கடைசியில் பித்தளை.

அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கோத்து, பித்தளைப் பூட்டைச் சங்கிலியின் வலது நுனியோடு சேர்த்து அழுத்தினார். ‘டக்’ என்று மூடிக்கொண்டது. ஆறையும் இழுத்துப் பார்த்தார். செய்த வேலை அவருக்கே பிடித்திருந்தது.

"இனிமே யாரும் வெளிய நிக்க வேண்டியதில்லை மேடம்."

"ஆமா தம்பி. இனிமே எல்லாரும் வந்து போகலாம்."

அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார். ஒதிலியா கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். அப்புறம் சர்ச்சுக்கு எதிரே இருந்த கடைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி எலிசேயோவுக்கு இரண்டு பவுண்டு மாட்டுத்தலைக் கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.